பழைய டிப்பரைத் தண்ணீர் லாரியாக மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

உங்களிடம் பழைய டிப்பர் லாரி ஒன்று சும்மா நிற்கிறதா? அதை ஏதாவது உருப்படியான வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? பட்டறைக்கு ஓட்டிச் செல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னை ஏமாற்றிய பட்டறைக்காரரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் செய்த வேலையை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். அதே வேலையை வேறொருவர் உங்கள் வண்டியிலும் செய்யக்கூடும்.

லாரி என் அப்பாவுடையது. கல், மண், ஜல்லி என்று 20 ஆண்டுகளுக்கு மேல் சுமந்த ஆறு சக்கர வண்டி. அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு தோட்டத்து ஓரத்தில் நின்றது. மழை பெய்தால் பாடியில் தண்ணீர் தேங்கும் என்பதால், வாரம் ஒரு முறை நான் என்ஜினைக் கிளப்பி, பாடியைத் தூக்கித் தண்ணீரை வடித்துவிடுவேன். எடைக்குப் போட மனம் வரவில்லை. நிறுத்தியே வைத்திருக்கவும் முடியாது. நிற்கிற வண்டிக்கும் தேய்மானம் உண்டு. பிரேக் பிடித்துக்கொள்ளும், டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு விடும், டீசல் தொட்டியில் ஈரம் சேரும்.

பலரிடம் யோசனை கேட்டேன். பாடியை மட்டும் இறக்கி எருக்குழியாக வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். நல்ல யோசனைதான், ஆனால் ஓடுகிற வண்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும். பாடி, என்ஜின் எல்லாம் போன பிறகு சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, கால்வாய்க்குக் குறுக்கே போட்டு நடைபாலமாக்கலாம் என்றார் இன்னொருவர். அது வண்டியின் கடைசிக் காலத்துக்கு உரிய வேலை. பாடியைத் தூக்கி நிறுத்தி அதன் நிழலில் சாமான்களை அடுக்கலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். இதை யாரும் செய்யாதீர்கள். தூக்கிய பாடியை, அதைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கியின் எண்ணெய் அழுத்தம் மட்டும்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு குழாய் வெடித்தால் அவ்வளவு கனமான இரும்பும் ஒரே நொடியில் கீழே வரும். பழுது பார்ப்பதற்காகக்கூட முட்டுக்கம்பி கொடுக்காமல் அதன் அடியில் தலையை நீட்டக் கூடாது.

வயதான டிப்பருக்கு ஏற்ற வேலை அது ஏற்கெனவே செய்துவந்த வேலைதான், சுமையை மட்டும் இலகுவாக்கினால் போதும். எங்கள் பாடி ஏறத்தாழ 6 கன மீட்டர் கொள்ளும். அதில் மணலை நிரப்பினால் 9 டன்னைத் தாண்டிவிடும், நனைந்த மணலென்றால் இன்னும் கூடும். மக்கிய உரத்தை நிரப்பினால் 3, 4 டன்தான். காய்ந்த இலை, மரத்தூள் என்றால் அதைவிடக் குறைவு. ஏற்றுவதற்குத்தான் ஆள் வேண்டும், இறக்க ஒரு நெம்புகோல் போதும். இதை இப்போது தெளிவாகச் சொல்கிறேன். அன்று என் மனதில் தண்ணீர்தான் இருந்தது. கோடையில் மேட்டுப் பகுதி மரங்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. அந்தத் தேவையோடுதான் அந்தப் பட்டறைக்குப் போனேன்.

உரிமையாளர் நன்றாகப் பேசினார். வண்டியைச் சுற்றி வந்து, பாடியைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன். என்ஜினை நிறுத்தியதும் பாடி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அவர் உதட்டைப் பிதுக்கினார். "ஜாக்கி உள்ளே தேய்ந்துவிட்டது தம்பி. இதைச் சரிசெய்யும் செலவில் புது ஜாக்கியே வாங்கிவிடலாம். எப்படியும் தண்ணீர் லாரிக்கு ஜாக்கி எதற்கு? பாடி, ஜாக்கி, பம்பு எல்லாவற்றையும் கழற்றி எடைக்குப் போட்டு, அந்தப் பணத்தை உங்கள் கணக்கில் கழித்துவிடுகிறேன். 8,000 லிட்டர் தொட்டி கட்டித் தருகிறேன். பதிவு அலுவலக வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

ஒப்புக்கொண்டேன். அப்பா அருகிலேயே இருந்தார். "கழற்றும்போது கூட நில்" என்று மட்டும் சொன்னார். நான் நிற்கவில்லை.

மூன்று வாரத்தில் முடியும் என்ற வேலை மூன்று மாதம் இழுத்தது. ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம், அதற்கு ஒரு புது முன்பணம். கடைசியில் வண்டி பளபளக்கும் நீல வண்ணத்தில் வந்து நின்றது. தண்ணீர் இறைக்க ஒரு சிறிய டீசல் என்ஜினும் பம்பும் தொட்டிக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தன. அதற்குத் தனிப் பணம்.

முதல் குறை இரண்டாம் நாளே தெரிந்தது. தோட்டத்துச் சரிவில் பாதித் தொட்டித் தண்ணீரோடு இறங்கிக்கொண்டிருந்தேன். குறுக்கே ஒரு சிறுவன் சைக்கிளில் வந்தான். பிரேக்கை மிதித்தேன். லாரி நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. ஒரு கணம் கழித்து அது மொத்தமாக முன் சுவரில் வந்து மோதியது. நின்ற வண்டி மீண்டும் சில அடிகள் முன்னால் தள்ளப்பட்டது. சிறுவன் தப்பித்தான். என் கால்கள் நடுங்கியது நிற்க வெகு நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்து தொட்டியின் மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வெற்றிடம், ஒரு தடுப்புத் தகடுகூட இல்லை. தண்ணீர்த் தொட்டியின் உள்ளே குறுக்கே ஓட்டையிட்ட தடுப்புகள் வைப்பது, தண்ணீர் ஒரே அலையாக எழாமல் சிதறுவதற்காகத்தான். நிறைந்த தொட்டியில் அலைய இடமில்லை, காலித் தொட்டியில் அலையத் தண்ணீரில்லை. பாதித் தொட்டிதான் ஆபத்து. மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வண்டி பெரும்பாலான நேரம் பாதித் தொட்டியோடுதானே ஓடும்? குறுக்குத் தடுப்பு பிரேக் பிடிக்கும்போது காக்கும். வளைவில் பக்கவாட்டு அலையைத் தடுக்க நீளவாட்டிலும் தடுப்பு வேண்டும். தகடும் கூலியும் மிச்சம் என்று அந்த மனிதர் இரண்டையும் விட்டுவிட்டார். பணம் போனதை என்றாவது மறந்துவிடுவேன், இதை மன்னிக்கவே மாட்டேன். அந்தச் சைக்கிளில் இருந்தது ஒரு குழந்தை.

அன்றே நாடாவை எடுத்துத் தொட்டியை அளந்தேன். நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.9, உயரம் 0.95. பெருக்கினால் 6 கன மீட்டர்கூட இல்லை, அதாவது 6,000 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரசீதில் இருந்தது 8,000. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர், பள்ளிக்கூடக் கணக்கு. வண்டியை எடுத்த அன்றே அளந்திருக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரத் தொடங்கியது. வெளியே மூன்று பூச்சு அடித்தவர் உள்ளே துருத் தடுப்பு எதுவும் பூசவில்லை. அதே சமயம் கியரில் ஊளைச் சத்தம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி, வேறோர் ஊரில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவரிடம்தான் முன்பே போயிருக்க வேண்டும்.

பெரியவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "இங்கே இருந்த பி.டி.ஓ. எங்கே?" என்று கேட்டார். டிப்பரில் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். என்ஜினின் சுழற்சியை எடுத்து ஹைட்ராலிக் பம்புக்குக் கொடுப்பது அதுதான். அதைக் கழற்றிவிட்டு, அந்த வாயை ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். தகட்டின் அடியில் சரியான பேக்கிங் இல்லாததால் கியர் ஆயில் நாள்தோறும் கசிந்து தீர்ந்திருந்தது. ஊளை அதனால்தான். ஒரு பேரிங் போய்விட்டிருந்தது.

"தண்ணீர் லாரிக்கு அது தேவையில்லை என்று சொன்னார்கள் ஐயா" என்றேன்.

"யார் சொன்னது? அதே பி.டி.ஓ.வில் தண்ணீர்ப் பம்பை மாட்டியிருக்கலாமே. தனி என்ஜின் எதற்கு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. என்னிடம் இருந்ததைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அதன் வேலையைச் செய்ய வேறொன்றை எனக்கே விற்றிருக்கிறார்.

பிறகு ஜாக்கியைப் பற்றிக் கேட்டார். பாடி தானாக இறங்கியதைச் சொன்னேன். "இறங்கும்போது ஜாக்கியிலிருந்து எண்ணெய் சொட்டியதா? குழாய்களில்?" இல்லை. எத்தனையோ முறை தூக்கியிருக்கிறேன், கீழே ஒரு சொட்டுகூடப் பார்த்ததில்லை. "தண்டில் நெடுக்குக் கீறல், பொரிந்த துரு ஏதாவது?" அதுவும் இல்லை, கண்ணாடிபோல இருந்தது. பெரியவர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.

அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன். எங்கள் வண்டியில் இருந்தது ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் குழாய்கள் கொண்ட, ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் ஜாக்கி. எண்ணெய் தூக்கும், பாடியின் எடையே அதை இறக்கும். அத்தகைய ஜாக்கியில் சீல் தேய்ந்தால் எண்ணெய் வெளியேதான் வந்தாக வேண்டும், அது ஒளிந்துகொள்ள உள்ளே இடமில்லை. வெளியே எங்கும் சொட்டாமல் பாடி இறங்குகிறது என்றால், எண்ணெய் வால்வு வழியாக அதன் எண்ணெய்த் தொட்டிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வால்வைக் கழற்றித் துடைத்து ரப்பர் வளையங்களை மாற்றுவது பெரும்பாலும் அரை நாள் வேலை. வால்வையே மாற்ற நேர்ந்தாலும் ஜாக்கியின் விலைக்கு அருகில்கூட வராது.

அப்படியானால் எடைக்குப் போனதாகச் சொன்ன ஜாக்கி எடைக்குப் போயிருக்காது. நல்ல ஜாக்கியும் பம்பும் பி.டி.ஓ.வும் பழைய உதிரிபாகச் சந்தையில் இரும்பின் விலைக்குப் பல மடங்கு போகும். பழைய டிப்பரில் நல்ல மதிப்புள்ள பாகங்களில் அந்த மூன்றும் உண்டு. எனக்குக் கிடைத்தது கிலோக் கணக்கு. அந்த எடைச் சீட்டைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை.

பெரியவர் கடைசியாகக் காட்டியதுதான் மோசம். தொட்டியின் கால்களைச் சேஸிஸின் மேல் விளிம்பில் நேரடியாகப் பற்றவைத்திருந்தார்கள். சேஸிஸின் விளிம்புகள்தான் அதிக இழுவையையும் அழுத்தத்தையும் தாங்குபவை. அங்கே வெல்டிங் வைக்கக் கூடாது, துளையும் போடக் கூடாது. துணைச் சட்டம் ஒன்றை இடையில் வைத்து, தாங்கிகளைச் சேஸிஸின் செங்குத்துப் பக்கத்தில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதியில் சுமை கீழே அழுத்தும்போது மேல் விளிம்பு இழுபடும். அங்கே இருந்த வெல்டிங்கின் ஓரத்தில் முடியளவு விரிசல் விட்டிருந்தது. நீல வண்ணத்தின் மேல் மெல்லிய பழுப்புக் கோடாகத் தெரிந்தது. நான் அதை அழுக்கு என்று நினைத்துக் கழுவியிருக்கிறேன்.

பதிவு அலுவலக வேலையும் நடக்கவில்லை. ஆவணங்களில் வண்டி இன்றும் டிப்பர்தான். பாடியின் வகையை மாற்றினால் அதிகாரிகளின் ஒப்புதலைப் பெற்று ஆவணத்திலும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடக்கிற நாளில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும். அந்தச் சரிவில் ஏதாவது நடந்திருந்தால் என் நிலை என்ன என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன்" என்றார். நான் என்ன சொன்னேன் என்பதற்கு என்னிடம் எழுத்தில் ஒன்றுமில்லை. கழற்றிய பாகங்களின் பட்டியல் இல்லை, புகைப்படம் இல்லை. "8,000 லிட்டர்" என்று எழுதிய அந்த ஒரு ரசீதுதான் என் பக்கம் பேசுகிறது. அதையும் தொட்டியின் அளவுகளையும் வைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் வண்டியைக் கொடுப்பதற்கு முன் பாடியில் பாதிச் சுமை ஏற்றித் தூக்குங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு, பாடியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, தரையிலிருந்து அதன் உயரத்தைத் தள்ளி நின்றே குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது, எங்கே எண்ணெய் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். சமதளத்தில் மட்டும் தூக்குங்கள், சரிவில் தூக்கினால் வண்டி பக்கவாட்டில் சாயும். தலைக்கு மேல் மின்கம்பி இல்லை என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். ஜாக்கி, பம்பு, பி.டி.ஓ. மூன்றின் எண்களையும் படம் எடுத்து வையுங்கள். கழற்றுகிற எந்தப் பாகமும் திரும்ப உங்கள் கைக்கே வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். எடைக்குப் போடுவதாக இருந்தால் நீங்களே போடுங்கள். தொட்டி கட்டினால், மேல் தகட்டை மூடும் முன் போய் உள்ளே எட்டிப் பாருங்கள்.

உண்மையில் எனக்குப் பாடியைக் கழற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாடிக்குள் கழற்றி மாட்டக்கூடிய சிறிய தொட்டிகள் இரண்டை, நகராமல் இறுகக் கட்டி வைத்திருந்தாலே மேட்டு மரங்களுக்குத் தண்ணீர் போயிருக்கும். ஒரே பெரிய தொட்டியின் அலையும் இருந்திருக்காது. கோடை முடிந்ததும் அவற்றை இறக்கிவிட்டு உரம் அடித்திருக்கலாம். இதையும் பெரியவர்தான் சொன்னார்.

வண்டி இப்போது அவரிடம் நிற்கிறது. அடுத்த வாரம் தொட்டியை இறக்கி விரிசலைச் சரிபார்க்கிறார். பழைய ஜாக்கி ஒன்றையும் தேடிக்கொண்டிருக்கிறார். சேஸிஸில் எங்கள் ஜாக்கி உட்கார்ந்திருந்த தாங்கி இன்னும் இருக்கிறது, அதன் அளவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அப்பாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்த முறை கழற்றும்போது இருவரும் பக்கத்தில் நிற்போம்.