செம்பனைக்குள் ஒரு விக்கிப்பீடியா: கிவிக்ஸ் பயன்படுத்திய அனுபவம்

கிவிக்ஸ் பற்றி இன்னும் கேள்விப்படாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, இணையமே இல்லாமல் படிக்க உதவும் இலவச மென்பொருள் இது. 2007-இல் தொடங்கினார்கள், திறந்த மூலநிரல், விளம்பரம் கிடையாது, கணக்குத் திறக்கச் சொல்லியும் கேட்காது. மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் நான் எடுக்கும் மாலை டியூசனில் சில வருடங்களாக இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. டவுனில் லைன் நன்றாகவே கிடைக்கும். செம்பனைக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் கைப்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, வகுப்பு நடக்கும் கோயில் மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது ஒரு வாட்சாப் படம் அனுப்புவதே பெரும்பாடாகிவிடும். "இந்தக் காலத்தில் இது எதற்கு?" என்று கேட்பவர்கள் ஒரு நாள் சாயங்காலம் அங்கே வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

இந்தக் கோப்புகளை ஜிம் (ZIM) கோப்பு என்பார்கள். ஒவ்வொரு மொழிக்கும் தனிக் கோப்பு உண்டு, அதிலும் பெரும்பாலும் மூன்று அளவு: படத்தோடு முழுசு, படமில்லாமல் முழு எழுத்து, ஒவ்வொரு கட்டுரையின் முன்னுரை மட்டும். ஆங்கிலம் படத்தோடு வேண்டுமென்றால் நூறு ஜிபியைத் தாண்டும், நம் ஊர் டியூசனுக்கு அது தேவையே இல்லை. ஆங்கிலத்தில் படமில்லாததும், தமிழிலும் மலாயிலும் படத்தோடு உள்ளதும் வைத்திருக்கிறேன். பெரிய கோப்பைப் பென்டிரைவில் போடும்போது "இடம் போதாது" என்கிற மாதிரி ஏதாவது சொல்லி நின்றால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கடையில் வாங்கும் பென்டிரைவ்கள் பலவும் ஃபேட்32 முறையில் வரும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிவிட்டால் சரி.

எனக்கு இதில் உண்மையிலேயே பிடித்தது வேறு. கிவிக்ஸில் ஒரு சர்வர் வசதி இருக்கிறது. பழைய லேப்டாப்பில் அதை ஓடவிட்டு, வீட்டில் சும்மா கிடந்த ஒரு ரௌட்டரை இணையம் எதுவும் இல்லாமலே செருகி வைத்தால் போதும், பிள்ளைகள் தங்கள் கைப்பேசியில் அந்த வைஃபையைப் பிடித்து, பிரவுசரில் எண் முகவரி ஒன்றை அடித்துப் படிக்கலாம். அவர்கள் எதையும் இறக்க வேண்டாம், டேட்டாவும் செலவாகாது. லேப்டாப் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு செயலியிலேயே ஒரு கைப்பேசியை இப்படிப் பகிரும்படி வைக்கலாம், ஆனால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

ஒரு தொல்லை மட்டும் வாராவாரம் வரும். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டுபிடித்த கைப்பேசி, தானே புத்திசாலித்தனமாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், உடனே "சார், திறக்கல சார்" என்று நாலு மூலையிலிருந்தும் குரல் வரும். டேட்டாவை அணைத்துவிட்டு மறுபடி பிடிக்கச் சொன்னால் வேலை முடிந்தது. இப்போது வகுப்பு தொடங்கும்போதே "டேட்டா ஆஃப்" என்று பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

கைப்பேசியில் தனியாகப் போட நினைப்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டில் அனுமதி விதிகள் இறுகிய பிறகு, பிளே ஸ்டோரில் உள்ள பதிப்பால் நீங்கள் வேறு இடத்தில் வைத்திருக்கும் ஜிம் கோப்பை எடுக்க முடியாது. கிவிக்ஸ் தளத்திலிருந்தே செயலியை இறக்கினால் அந்தத் தடை இல்லை.

தேடல் பரவாயில்லை, அவ்வளவுதான். தலைப்பின் முதல் சில எழுத்துகளை அடித்தால் பட்டியல் சட்டென்று வரும். கட்டுரைக்குள் இருக்கும் சொல்லைத் தேடினால் தமிழில் சில சமயம் கைகொடுக்கும், சில சமயம் காலை வாரும். அதைவிட என்னைக் கடுப்பேற்றுவது மொழி இணைப்பு இல்லாதது. எங்கள் படிவம் நான்கு பிள்ளைகள் வரலாற்றை மலாயில் படிக்கிறார்கள், 2013-இலிருந்து எஸ்பிஎம் (இங்குள்ள ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) சான்றிதழுக்கு அதில் கட்டாயம் தேறவும் வேண்டும். தமிழில் ஒரு கட்டுரையைப் படித்துப் புரிந்துகொண்ட கையோடு மலாய்க் கட்டுரைக்கு ஒரே தட்டில் தாவ முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இணையத்தில் அது உண்டு, இந்தக் கோப்பில் இல்லை. மலாய்க் கோப்பைத் தனியாகத் திறந்து மறுபடி தேடத்தான் வேண்டும். படங்களும் சிறியவை, வரைபடத்தைப் பெரிதாக்கினால் ஊர்ப் பெயர்கள் மங்கிப்போகும்.

அப்புறம் பழசாகிப்போகும் விஷயம். 2022 நடுவில் இறக்கிய கோப்பில் நம் பிரதமர் இன்னும் இஸ்மாயில் சப்ரிதான். மாறிய பகுதியை மட்டும் இறக்கிச் சேர்க்க வழியில்லை, முழுக் கோப்பையும் மறுபடி இறக்க வேண்டும், புதுக் கோப்பும் மாதா மாதம் வரும் என்று நம்ப முடியாது. ஆங்கில முழுக் கோப்பு 2024 ஜனவரிப் பதிப்போடு ரொம்ப காலம் நின்றிருந்தது. அறிவியலுக்கும் பழைய வரலாற்றுக்கும் இதனால் பெரிய பாதிப்பில்லை. பதவியில் இருப்பவர்கள், மக்கள்தொகை மாதிரியானவற்றை மட்டும் இதை நம்பி எழுதவேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் எதிர்பார்க்காத ஒரு வாசகர், பேரனை அழைத்துப்போக வரும் தாத்தா ஒருவர். ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டக் கங்காணி), தமிழ் மட்டும்தான் வாசிப்பார். மலேசிய ஊர்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் நிறையவே எழுதியிருக்கிறார்கள், அவருக்கு டேப்லெட்டில் சுங்கை சிப்புட் கட்டுரையைத் திறந்து கொடுத்தேன். 1948 ஜூன் 16-இல் இங்கே தோட்ட நிர்வாகிகள் மூவர் சுடப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் அவருக்கு வாய்வழியாகத் தெரிந்த கதைகள். ஒவ்வொரு கட்டுரையாக வாசித்துக்கொண்டே போனவர், "தம்பி, நம்ம தோட்டத்தைப் பத்தி ஒண்ணுமே இல்லியே, எழுதிப் போடு" என்றார். இங்கிருந்து எழுத முடியாது, கிவிக்ஸ் படிக்க மட்டும்தான். அவர் சொல்வதைச் செயலியில் உள்ள குறிப்பு வசதியில் தட்டி வைத்துக்கொள்கிறேன். அச்சில் ஆதாரம் கிடைப்பதை மட்டும் டவுனுக்கு வந்தபின் விக்கிப்பீடியாவில் சேர்க்கிறேன். அது அவர் கைக்கு வர அடுத்த கோப்பு வெளிவர வேண்டும். போகிற வாரமெல்லாம் "வந்திருச்சா?" என்று கேட்கிறார்.