மைக் டிராப்பா, காட்ஸ் மெனுவா?

கே-பாப் எனும் கொரிய பாப் இசையின் ஹிப்-ஹாப் பக்கம் புதிதாக எட்டிப் பார்ப்பவருக்கு முதலில் எந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுவது? என் பட்டியல் சுருங்கி இரண்டில் வந்து நிற்கும்: பிடிஎஸ் குழு பாடிய 'மைக் டிராப்' (2017), ஸ்ட்ரே கிட்ஸ் குழு பாடிய 'காட்ஸ் மெனு' (2020). இரண்டிலும் தற்பெருமை தூக்கல். முதலாவது எதிரியைப் பார்த்துப் பீற்றிக்கொள்கிறது. மற்றது தன் கைப்பக்குவத்தை.

'மைக் டிராப்' பழைய பாக்கியைத் தீர்க்கிற பாட்டு. 2013இல் ஒரு சின்ன நிறுவனத்திலிருந்து வந்த ஏழு பையன்களைக் கேலி பேசியவர்கள் நிறைய. கொரியாவில் வசதியான வீட்டுப் பிள்ளையைத் தங்கக் கரண்டி என்பார்கள், இல்லாதவனை மண் கரண்டி என்பார்கள். மைக் கையில் வந்தால் தங்கக் கரண்டிகளையே வெளுத்துவிடுவோம் என்றுதான் இவர்கள் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் ஒரு குறும்பு: எங்கள் கச்சேரியில் திராட்சையே கிடையாதாம்! அங்குள்ள டிக்கெட் தளங்களில் விற்காத இருக்கை ஊதா நிறத்தில் தெரியும். அதைத்தான் ரசிகர்கள் திராட்சை என்கிறார்கள். ஆக, எல்லாமே ஹவுஸ்ஃபுல். மகன் இப்படி ஓஹோவென்று வந்துவிட்டானே, மன்னித்துவிடு அம்மா என்றும் ஒரு வரி வரும். 2016இல் வெள்ளை மாளிகை நிருபர்கள் விருந்தில் ஒபாமா பேச்சை முடித்து மைக்கைக் கீழே போட்டாரே, அதிலிருந்து வந்த யோசனைதான் இந்தப் பாட்டு. மேடையில் கடைசியாகக் குழுவின் ராப்பர் சுகா மைக்கை விட்டெறிவார்.

ஸ்ட்ரே கிட்ஸுக்கு அப்படிப் பகையாளி யாரும் தேவைப்படவில்லை. பாட்டே ஒரு சாப்பாட்டுக் கடை. வாங்க வாங்க, எதைச் சொன்னாலும் ருசியாக இருக்கும் என்று அழைக்கிறார்கள். புறா, காக்கை வரைக்கும் அங்கே வந்து கொத்துகின்றன. குழுவில் உள்ள பாங் சான், சாங்பின், ஹான் மூவரும் சேர்ந்து தங்கள் பாட்டுகளைத் தாங்களே ஆக்குபவர்கள் என்பதால், இந்தச் சமையல்காரர் வேஷம் ஒட்டவைத்ததாகத் தெரியவில்லை. இன்னொரு உறுப்பினரான ஃபீலிக்ஸின் அடிவயிற்றுக் குரல் நுழையும் இடத்தில் பாட்டு சட்டென்று கனத்துப் போகும். அதன்பின் கோரஸில் மெட்டு என்று ஒன்றும் இல்லை, வெறும் 'து-து-து' தான். இதை இரைச்சல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் அப்படித்தான் தோன்றும். நல்ல பேஸ் உள்ள ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

புதியவருக்கு நான் போடுவது 'காட்ஸ் மெனு'தான். முன்கதை எதுவும் தெரியாமலே அதில் தலையாட்டலாம். 'மைக் டிராப்' அப்படியல்ல, யார் யாரை மட்டம் தட்டினார்கள் என்று தெரிந்தால்தான் அதன் காரம் முழுசாக உறைக்கும். ஆனால் வரிகளில் உள்ள சாமர்த்தியத்தில் அதுவே ஒரு படி மேல். 'காட்ஸ் மெனு'வின் கடை உவமை ஒரு கட்டத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது.

'மைக் டிராப்' கேட்பதானால் டிஜே ஸ்டீவ் அயோக்கியின் ரீமிக்ஸைத் தேடுங்கள். அதிலும் அமெரிக்க ராப்பர் டிசைனர் சேர்ந்த பதிப்பு வேண்டாம், வீடியோவில் உள்ள பதிப்பே போதும்.