சைபர்சீக் தொழில் வழித்தடம்: ரெஸ்யூமே திருத்த எவ்வளவு உதவும்?

நெட்வொர்க்கிங்கிலோ ஹெல்ப் டெஸ்க்கிலோ இருந்துகொண்டு தகவல் பாதுகாப்பு வேலைக்கு மாற நினைப்பவர்கள், ரெஸ்யூமேயில் கை வைக்கும் முன் சைபர்சீக் தளத்தைப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டைச் சேர்ந்த நைஸ் என்ற சைபர் பாதுகாப்புக் கல்வித் திட்டமும், ஐ.டி. சான்றிதழ்கள் வழங்கும் காம்ப்டியாவும், வேலைச் சந்தைத் தரவு நிறுவனமான லைட்காஸ்டும் சேர்ந்து நடத்தும் இலவசத் தளம் இது.

இதன் தொழில் வழித்தடப் படத்தில் பாதுகாப்பு வேலைகள் நுழைவு, இடை, உயர் என மூன்று நிலைகளில் இருக்கின்றன. எந்த ஐ.டி. வேலையிலிருந்து அங்கே போகலாம் என்பதும் தெரியும். ஒரு வேலையைச் சொடுக்கினால் விளம்பரங்கள் கேட்கும் திறன்கள், சான்றிதழ்கள், அதே வேலைக்கு நிறுவனங்கள் வைக்கும் வெவ்வேறு பெயர்கள் எல்லாம் வரும். இந்தப் பெயர்ப் பட்டியலுக்காகவே தளத்தைப் பாராட்டலாம். ஒரே பெயரைத் தேடுபவர் கண்ணில் படாத விளம்பரங்கள் ஏராளம்.

சான்றிதழ்ப் பட்டியலில்தான் பலர் சறுக்குகிறார்கள். அங்கே அனுபவசாலிகளுக்கான பாதுகாப்புச் சான்றிதழான சி.ஐ.எஸ்.எஸ்.பி. முன்வரிசையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் பெற, அதன் எட்டுப் பாடப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில், மொத்தம் 5 ஆண்டு அனுபவம் வேண்டும் (பட்டம் இருந்தால் ஓராண்டு கழியும்). ஆள் எடுப்பவருக்கு அது தெரியும். புதியவருக்குப் பொருத்தம் காம்ப்டியாவின் தொடக்கநிலைச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸ்தான். அதையும் தேறிய பிறகே எழுதுவது நல்லது.

திறன் பட்டியலின் சொற்கள் மிகப் பொதுவானவை. 'நெட்வொர்க் பாதுகாப்பு' என்று அப்படியே ஒட்டினால் எதையும் நிரூபிக்காது. இந்த இடத்தில் தளத்தை விட்டுவிட்டு பாதுகாப்புப் பொறுப்புகளை வகைப்படுத்தி நைஸ் திட்டம் வெளியிட்ட 'நைஸ் கட்டமைப்பின்' பணி வரையறைகளுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்று வினைச்சொற்களோடு அங்கே இருக்கிறது. 'பாஸ்வேர்டு ரீசெட் செய்தேன்' என்ற வரி அதைப் பார்த்தபின் இப்படி மாறும்: 'ஆக்டிவ் டைரக்டரியில் முடங்கிய கணக்குகளின் 4740, 4625 ஈவென்ட்களை ஆராய்ந்து, சாதனத்தில் தங்கிய பழைய பாஸ்வேர்டு காரணமா, ஊடுருவும் முயற்சியா என்று பிரித்து, சந்தேகமானவற்றைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினேன்.' (ஆக்டிவ் டைரக்டரி என்பது நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் விண்டோஸ் சேவை; அதன் பதிவுகளில் 4740 கணக்கு முடங்கியதையும் 4625 உள்நுழைவு தோல்வியையும் குறிக்கும்.) உண்மையில் செய்திருந்தால் மட்டும் எழுதுங்கள். முடக்கம் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று 4740-இல் எங்கே பார்ப்பீர்கள் என்பது நேர்காணலில் அடுத்த கேள்வியாக வரலாம். 'காலர் கம்ப்யூட்டர் நேம்' என்ற புலத்தில் என்று தயங்காமல் சொல்ல வர வேண்டும்.

வடிவமைப்பு பற்றி இத்தளம் எதுவும் சொல்வதில்லை. பக்கத்தை இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிக்கும் டெம்ப்ளேட், டேபிள், திறமையை நட்சத்திரங்களால் காட்டும் படம் மூன்றையும் தவிருங்கள். விண்ணப்பத்தை வடிகட்டும் மென்பொருள் வரிகளைக் கலைத்துவிடக்கூடும். பி.டி.எஃப்.பில் உள்ளதை நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் வரிசை குலைவது தெரிந்துவிடும்.

சம்பளமும் காலியிட வரைபடமும் அமெரிக்கச் சந்தைக்கானவை. சென்னையிலோ கொழும்பிலோ வேலை தேடுபவர்கள் அவற்றை அப்படியே தாண்டிப் போகலாம். பெயர்ப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளூர் விளம்பரங்களோடு ஒப்பிடுங்கள்.