மகளின் கல்லூரிப் பணம்: வரி தின்பது எவ்வளவு, கட்டணம் தின்பது எவ்வளவு?

மகள் பிறந்ததும் நான் முதலில் கேட்ட கேள்வி, "எதில் போட்டால் 80சி கிடைக்கும்?" என்பதுதான். (80சி என்றால், போடும் சேமிப்பை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை.) அந்த முதலீட்டை நடத்துபவர்கள் கட்டணம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. அது தப்பு என்று புரிய ஏழு வருடம் ஆனது.

செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் கட்டணக் கவலையே கிடையாது. பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும். வருடத்துக்கு 250 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை, 15 வருடம் கட்டலாம். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அரசு காலாண்டுக்கு ஒருமுறை இதை மாற்றலாம். மாதாமாதம் கட்டுபவர்கள் 5ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள், தாண்டினால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி போச்சு. வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை. ஆனால் கட்டும் பணத்துக்கான அந்த வரிக் கழிவு, பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும்தான். பழைய முறையிலேயே இருந்தாலும், பிஎஃப் பிடித்தமும் வீட்டுக் கடன் அசலும் அந்தக் கழிவின் ஒன்றரை லட்ச வரம்பை நிரப்பியிருந்தால் புதிதாக எதுவும் மிச்சமாகாது.

இதன் உண்மையான சிக்கல் காலம். கணக்குத் தொடங்கி 21 வருடம் கழித்துத்தான் முதிர்கிறது. இரண்டு வயதில் தொடங்கினால் அவளுக்கு 23 வயது ஆகிவிடும், கல்லூரியோ முடிந்திருக்கும். பத்தாம் வகுப்பு முடித்தாலோ 18 வயதானாலோ படிப்புக்காக எடுக்கலாம், அதுவும் பாதி வரைதான். மீதி முதுகலைக்கு உதவும்.

அந்த இடைவெளிக்குத்தான், பலர் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்ட். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 5,000 ரூபாய், 15 வருடம், கட்டுவது 9 லட்சம். வருடம் 11 சதவீதம் வளர்ந்தால் (இது அனுமானம்தான், உத்தரவாதம் இல்லை) சுமார் 22.9 லட்சம். முகவர் கமிஷன் சேர்ந்த ரெகுலர் பிளானில் ஒரு சதவீதம் கூடுதலாகப் போனால் 20.9 லட்சம். இரண்டு லட்சம் காணாமல் போகிறது! வரி? ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்டின் லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை விலக்கு, அதற்கு மேல் 12.5 சதவீதம். மொத்தத்தையும் ஒரே ஆண்டில் விற்றாலே சுமார் 1.6 லட்சம்தான். நான்கு வருடக் கல்லூரிக்கு வருடாவருடம் கொஞ்சமாக விற்றால் விலக்கு நான்கு முறை கிடைத்து, வரி இன்னும் குறையும். எல்லோரும் பயப்படும் வரியைவிட, யாரும் பார்க்காத அந்த ஒரு சதவீதம் பெரியது. முகவர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே ரெகுலரில் இருப்பதை மாற்றினால் அது விற்பனையாகக் கணக்காகும். அந்த விலக்குக்குள் வருகிற அளவு பார்த்து மாற்றுங்கள்.

குழந்தை பெயரில் விற்கும் காப்பீட்டுத் திட்டம் வேண்டவே வேண்டாம் என்பேன். நான் ஏழு வருடம் கட்டினேன். நிறுத்தும்போது கட்டிய பணம்கூட முழுதாகத் திரும்பவில்லை. பெற்றோரின் உயிருக்குப் பாதுகாப்பு நிச்சயம் வேண்டும், அதற்குத் தனியாக, சேமிப்பு கலக்காத டேர்ம் பாலிசி இருக்கிறது.

மகன் என்றால் செல்வமகள் இடத்தில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி). தமிழ்நாட்டு அஞ்சலகங்களில் பொன்மகன் என்று சொல்வதும் அதுதான். வட்டி 2020 ஏப்ரலில் 7.1 ஆகக் குறைந்தது, ஆனால் 15 வருடத்தில் முழுப் பணமும் கைக்கு வரும். அப்பா கணக்கும் மகன் கணக்கும் சேர்ந்தே ஒன்றரை லட்ச வரம்பு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.