லித்தியமும் ஓலன்சபினும்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

எனக்குப் பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய். அதற்காக, மனநிலையைச் சீராக்கும் லித்தியமும், சந்தேகத்தையும் அளவுமீறிய வேகத்தையும் தணிக்கும் ஓலன்சபினும் சேர்த்துச் சாப்பிட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் வேலை. இந்த மாத்திரைகளைப் பற்றித் தமிழில் தேடினால் மருந்துக் குறிப்பு கிடைக்கும், அல்லது "மூளையை மந்தமாக்கிவிடும்" என்ற பயமுறுத்தல் கிடைக்கும். தினமும் இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிற ஒருவருக்கு உடம்பும் மனசும் எப்படி இருக்கும் என்று சொல்ல ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். இதில் வரும் எதையும் பார்த்து நீங்களாக டோஸ் முடிவு செய்ய வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் கேட்கக் கேள்விகள் கிடைத்தால் போதும்.

ஷிப்மெண்ட் நெருங்கும் நாட்களில் எனக்குத் தூக்கம் குறையும், குறைந்தாலும் சோர்வே வராது. பேச்சு வேகமெடுக்கும். சொந்த யூனிட் போடலாம் என்று கடன் கேட்டு அலைவேன். அது நீண்டுகொண்டே போனால் சந்தேகம் புகுந்துவிடும். கட்டிங் செக்‌ஷன் கேமரா என்னைத்தான் பார்க்கிறது, ஆடிட்டர் வந்ததே என்னை மாட்டிவிடத்தான், வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட பூ படம் எனக்கான மிரட்டல். அப்புறம் எல்லாம் வடிந்துபோய், குளிக்கக்கூடத் தெம்பில்லாமல் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பேன்.

முதலில் பார்த்த பொது மருத்துவர், படுத்துக் கிடந்த நாட்களைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் நிலைகொள்ளாத வேகம் வந்துவிட்டது. பைபோலார் உள்ளவருக்கு மனநிலையைச் சீராக்கும் மருந்து இல்லாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் இப்படி மேலே தூக்கிவிடக்கூடும் என்று பிறகு மனநல மருத்துவர்தான் விளக்கினார். அவர் என் மனைவியையும் உட்கார வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டார். தூக்கம், செலவு, கோபம், சந்தேகம், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, மது, கஞ்சா, ஸ்டீராய்டு மாத்திரை, தைராய்டு என்று எல்லாம். இவற்றில் சில, நோயே இல்லாமலும் இதே அறிகுறிகளைக் காட்டுமாம். முதல் முறை போகிறவர்கள் ஏறிய நாட்களையும் இறங்கிய நாட்களையும் ஒரே உட்காரலில் சொல்லிவிடுங்கள். கூட இருப்பவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். நமக்கு நன்றாக இருந்ததாகத் தோன்றும் வாரங்களை அவர்கள் பயத்தோடு பார்த்திருப்பார்கள்.

மாமா குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போகச் சொன்னார். போனோம், மாத்திரையையும் விடவில்லை. 2001 ஆகஸ்டில், தர்காவை நம்பி மனநோயாளிகளை அழைத்துவரும் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அதே ஏர்வாடியில் பிற்பாடு தர்காவோடு சேர்ந்தே மருந்தும் பிரார்த்தனையும் தரும் அரசுத் திட்டம் வந்தது. சாமியையும் டாக்டரையும் எதிரெதிரே நிறுத்தாத வீட்டில் நோயாளிக்குப் பாதி பாரம் குறைகிறது.

ஓலன்சபினை இரவில் சாப்பிடச் சொன்னார்கள். தூக்கம் உடனே திரும்பியது. சந்தேகம் அப்படிப் போகவில்லை. மாத்திரை சாப்பிட்டால் "அது பொய்" என்று புரிந்துவிடும் என எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. கேமரா அதே இடத்தில்தான் இருந்தது, அது என்னைப் பார்க்கிறது என்ற நினைப்பும் கொஞ்ச காலம் இருந்தது. ஆனால் பார்த்த நொடியில் நெஞ்சில் எழும் படபடப்பு வாரத்துக்கு வாரம் குறைந்தது. பிறகு அதைக் கவனிக்காமலே கடந்துபோன ஒரு நாள் வந்தது. ஷிதிஜ் கபூர் என்ற மனநல மருத்துவர் 2003இல் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். எது முக்கியம் என்று மூளை குறித்துக்கொள்ள டோபமின் என்ற மூளை ரசாயனம் உதவுகிறது. அது மிகும்போது சாதாரண விஷயங்கள்கூட அர்த்தம் ஏறித் தெரிகின்றன, அந்த அர்த்தத்துக்குக் காரணம் தேடும்போது சதி ஒன்று உருவாகிறது. மருந்து அந்த அழுத்தத்தைத் தணிக்கும், நம்பிக்கை தானாகக் கரைய நாளாகும். என் அனுபவத்தை இவ்வளவு சரியாக வேறு எதுவும் சொன்னதில்லை. வீட்டில் இருப்பவர்கள் முதல் வாரமே "இன்னும் அப்படியே பேசுகிறானே" என்று மனம் தளர வேண்டாம். அந்த நேரத்தில் வாதாடுவதாலும் பயனில்லை.

பக்க விளைவுகளில் பசிதான் பெரியது. சாப்பிட்டு எழுந்ததுமே மறுபடி பசிக்கும். ஹிஸ்டமின் என்ற ரசாயனம் மூளையில் வேலை செய்யும் இடத்தை (ஏற்பி) இந்த மருந்து மறிப்பது தூக்கத்துக்கும் பசிக்கும் ஒரு காரணம். எடை ஏறியது, பேன்ட் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் மருந்து தொடங்குமுன்பே குறித்துக்கொள்வது நல்லது. காலையில் தலை தூக்க முடியாத மப்பு இருந்தது. மாத்திரை நேரத்தை இரவு எட்டு மணிக்கு நகர்த்தியதும் சரியானது. எடைக்காக, அதே வகையைச் சேர்ந்த அரிப்பிப்ரசோல் என்ற மருந்துக்கு மாற்றிப் பார்த்தோம். பசி அடங்கியது, ஆனால் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை, உட்காரவே முடியாத தவிப்பு. எனக்கு அது பசியைவிடக் கொடுமையாக இருந்தது. சிலருக்கு அதே மருந்து அருமையாகப் பொருந்துகிறது. நாங்கள் ஓலன்சபினுக்கே திரும்பினோம். எடைக்காக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையும் சேர்த்தார்கள். நிலை சீரானதும் மருத்துவர் ஓலன்சபின் டோஸை மெதுவாகக் குறைத்தார். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் கவனிக்க: புகை ரத்தத்தில் ஓலன்சபின் அளவைக் குறைக்கும். புகையை நிறுத்தினால் அளவு ஏறும், அதனால் நிறுத்துமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லித்தியம் பழைய மருந்து. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் அதன் பலனை எழுதினார். விலை குறைவு, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் அதற்குப் பல்லாண்டு ஆதாரம் உண்டு. எனக்கு அது செய்த நன்மை கண்ணுக்குத் தெரியாதது. ஏற்றமும் இறக்கமும் வராத மாதங்கள் சேர்ந்துகொண்டே போனபோதுதான் உணர்ந்தேன். ஆனால் கவனம் கேட்கும் மருந்து. ரத்தத்தில் லித்தியம் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் கணக்குத் தப்பும். தைராய்டும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

நம் ஊர் வெயிலில் இது இன்னும் முக்கியம். வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் விட்டால் லித்தியம் உடம்பில் தேங்கும். அக்னி நட்சத்திரம் வந்தால் என் மனைவி மதியமே ஃபோன் செய்து, "ஏனுங்க, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டுவிடுவார். உப்பைத் திடீரென்று குறைப்பதும் கடும் விரதமும் ஆபத்து. வாந்தி, பேதி வந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள். மூட்டுவலி, காய்ச்சல் என்று போய் நின்றால் சாதாரணமாக எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் லித்தியம் அளவை ஏற்றும். நான் பாரசிட்டமால் மட்டும் கேட்டு வாங்குகிறேன். கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, நாக்கு குழறுவது தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எனக்கு எப்போதும் இருக்கும் லேசான நடுக்கம் வேறு. துணி மாதிரியைப் பிடித்துப் பேசும்போது தெரியும், இப்போது யாரும் கேட்பதில்லை.

பெண்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். இதே நோய்க்குத் தரப்படும் வால்ப்ரோயேட் வயிற்றில் உள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. கல்யாணம், குழந்தை என்ற பேச்சை டாக்டரிடம் எடுக்கக் கூச்சப்படாதீர்கள். லித்தியத்துக்கும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

மந்தமாகிவிட்டேனா? முதல் மாதங்களில் ஆமாம். பாட்டுக் கேட்டால் ஒட்டாது, மகளோடு விளையாட மனம் வராது. டாக்டரிடம் அப்படியே சொன்னேன். "அதையும் சரி பண்ணத்தான் நான் இருக்கேன், நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார். டோஸ் குறைந்த பிறகு திரும்பி வந்தது. மாத்திரையின் குறையை மறைத்துப் பேசுவதால் யாருக்கும் நன்மையில்லை என்பது என் உறுதியான எண்ணம். தாங்க முடியாததைச் சொன்னால்தான் மாற்ற வழி கிடைக்கும். சொல்லாமல் நிறுத்தினால், லித்தியத்தைப் பொறுத்தவரை நோய் வேகமாகத் திரும்பும் ஆபத்து அதிகம்.

பணம் தடையாக இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. யாரிடம் போவது என்றே தெரியாதவர்களும், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர்களும் 14416 என்ற டெலி மனஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், நிலை நன்றாக இருக்கும்போதே, நோய் முற்றினால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைக்கவும், நம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. நான் மனைவியை நியமித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அரிப்பிப்ரசோல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, லித்தியத்தை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, வேலை செய்யும் இடத்தில் யாரிடம் சொல்லலாம், மகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது வரை அதில் இருக்கும். கடைசி விஷயத்துக்கு இன்னும் வாசகம் முடிவாகவில்லை, இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.