மோதல் சோதனைக்குக் கோபுரமா, விமானமா? பிரெமன் வீழ்ச்சிக் கோபுரம்: ஒரு மதிப்பீடு

எடையற்ற நிலையில் இரண்டு பந்துகளை மோதவிட்டு ஆராய வேண்டும் என்று முன்மொழிவு எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது விமானத்தைத்தான். பிரான்சின் போர்தோ நகரிலிருந்து நோவஸ்பேஸ் நிறுவனம் இயக்கும் ஏர்பஸ் ஏ310 ஒரே பறப்பில் 31 பரவளையங்களை, அதாவது மேலே எறிந்த கல்லைப் போல ஏறி இறங்கும் வளைவுப் பாதைகளை, வரைகிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 22 நொடி எடையின்மை கிடைக்கிறது. ஜெர்மனியின் பிரெமன் பல்கலைக்கழகத்தில் ஸார்ம் ஆய்வு மையம் 1990 முதல் நடத்திவரும் வீழ்ச்சிக் கோபுரமோ ஒரு வீழ்ச்சிக்கு 4.74 நொடி மட்டுமே தருகிறது. இருந்தும், இத்தகைய முன்மொழிவுகளைப் படித்துத் திருத்தும் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில், மெதுவான மோதல்களை அளப்பதற்குக் கோபுரமே உகந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

காரணம் எளிமையானது. விமானம் காற்றைக் கிழித்துப் பறப்பதால் அதற்குள் முழுமையான எடையின்மை வருவதில்லை; புவியீர்ப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு முடுக்கம் எஞ்சி, திசை மாறி ஆடிக்கொண்டே இருக்கிறது. நூற்றில் ஒரு பங்குதானே என்று விட்டுவிட முடியாது. அந்த முடுக்கம் ஒரே திசையில் இரண்டு நொடி நீடித்தால், விமானத்தின் தரையோடு பிணைத்த பெட்டிக்குள் மிதக்கும் பந்து 20 சென்டிமீட்டர் விலகிவிடும். பெட்டியையே கட்டவிழ்த்து மிதக்கவிடலாம். ஆனால் அதைச் சுற்றி ஒரு மீட்டர் இடம் இருந்தாலும் நான்கரை நொடியில் அது சுவரைத் தொட்டுவிடும். ஆக, 22 நொடி என்று எண்ணி ஏறியவருக்குக் கடைசியில் கையில் கிடைப்பது கோபுரம் தரும் நேரம்தான், அதுவும் கலங்கிய நிலையில். கோபுரத்தில் எஞ்சும் முடுக்கம் புவியீர்ப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பதால், 4.74 நொடி முழுவதிலும் பந்தின் விலகல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது.

இந்தத் தூய்மைக்காகச் செய்திருக்கும் ஏற்பாடு வியக்க வைப்பது. 110 மீட்டர் வீழ்ச்சிக்கு இடம் தரும் எஃகுக் குழாயிலிருந்து காற்றை ஏறக்குறைய முழுக்க உறிஞ்சி எடுத்த பிறகே, சோதனைக் கருவிகள் அடைத்த கேப்சூலை உச்சியிலிருந்து விடுவிக்கிறார்கள். விடுவித்த கணத்தில், அதுவரை தன் எடையால் அழுந்தியிருந்த கேப்சூலின் சட்டகம் தளர்ந்து சிறிது அதிர்கிறது. ஆகவே பந்துகளை உடனே விடாமல், அதிர்வு அடங்கும்வரை பிடித்து வைத்திருக்க வேண்டும். நான் பார்க்கும் முன்மொழிவுகளில் பெரும்பாலானவை இந்தக் காத்திருப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கீழே ஒரு தொட்டி நிறைய தெர்மோகோல் மணிகள் காத்திருக்கின்றன. அவற்றுக்குள் கேப்சூல் புதையும்போது வேகத்தணிப்பு புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 50 மடங்கு வரை செல்கிறது.

குறைகளும் உண்டு. குழாயை வெற்றிடமாக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆவதால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வீழ்ச்சிகளே முடியும். விமானத்தில் ஒரு பரவளையத்தில் தவறியதை அடுத்ததில் கைப்படத் திருத்திக்கொள்ளலாம்; இங்கே எல்லாம் தானியங்கி, யாரும் உள்ளே கை வைக்க முடியாது. தரையிறங்கும் அதிர்ச்சியில், சோதனை முடிந்து உள்ளே தளர்ந்து கிடக்கும் பந்துகள் சுவரில் அடிபட்டு மேற்பரப்பில் வடு வாங்கும். வடுப்பட்ட பந்து மோதிய பின் விலகும் வேகம் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் புதிய பந்துகளை வைப்பதே முறை. இன்னொன்று: வெற்றிடம் குழாயில்தான், கேப்சூலுக்குள் சாதாரணக் காற்றே இருக்கிறது. எடை குறைந்த துகள்களை ஆராய்பவர்கள் தங்களுக்கான வெற்றிட அறையைத் தாங்களே கட்டிக் கொண்டுவர வேண்டியிருக்கும்.

2004-இல் சேர்த்த கவண் பொறி கேப்சூலைக் கீழிருந்து மேலே எறிந்து, ஏற்றமும் இறக்கமுமாக 9.3 நொடி வரை தருகிறது. கூடுதல் நேரம் கவர்ச்சியானதுதான். ஆனால் எறியும் கால் நொடியில் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 30 மடங்கு வரை செல்வதால், நுட்பமான பிடிப்பிகள் அதைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். முதன்முறை வரும் குழுவுக்கு நான் நேர் வீழ்ச்சியையே பரிந்துரைப்பேன்.

உந்தம் அழியாது என்று காட்டுவதற்காக இந்தக் கோபுரத்துக்கு வரத் தேவையில்லை; துளைகளிலிருந்து வரும் காற்றில் வட்டுகளை உராய்வின்றி மிதக்கவிடும் கல்லூரிக் காற்று மேசையே அதைக் காட்டிவிடும். முப்பரிமாணத்தில் ஓரமாக மோதும் பந்துகள் சுழற்சியை எப்படிப் பகிர்கின்றன, நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவு மெதுவான மோதலில் ஆற்றல் எவ்வளவு இழக்கப்படுகிறது போன்ற கேள்விகளுக்குத்தான் இது பொருத்தமான இடம். சனிக் கோளின் வளையங்களில் பனித் துகள்கள் மோதிக்கொள்வது இத்தகைய வேகத்தில்தான். ஜோஷுவா கோல்வெல் குழுவின் கொலைட் சோதனை 1998-லும் 2001-லும் விண்வெளி ஓடத்தில் பறந்ததும், மெதுவாக வரும் கோளம் ஒரு தூள் படுகையில் மோதினால் என்ன நேர்கிறது என்று பார்ப்பதற்காகவே.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் மாணவர் திட்டங்கள் பெரும்பாலும் அதன் உறுப்பு நாடுகளுக்கானவை. நம் மாணவர்களுக்குத் திறந்த வழி, ஐக்கிய நாடுகள் அவையின் விண்வெளி விவகார அலுவலகம் ஸார்மோடு சேர்ந்து நடத்திவந்த டிராப்டெஸ் என்னும் உதவித் திட்டம். சென்னை ஐஐடியிலும் 2.5 நொடி தரும் வீழ்ச்சிக் கோபுரம் உள்ளது. அது தீப்பிழம்பு ஆராய்ச்சிக்காக எழுந்தது.

எங்கே விண்ணப்பித்தாலும், பந்தை விடுவிக்கும் பொறியை முன்னதாகவே சோதித்தாக வேண்டும். பந்தைப் பிடித்திருந்த மின்காந்தத்தில், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் எஞ்சும் காந்தம் பந்தைப் பக்கவாட்டில் இழுத்தால் நேர்மோதல் என்பது நடக்கவே நடக்காது. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பெட்டியைத் தடித்த பஞ்சு மெத்தை மேல் விழவிட்டாலே ஒரு நொடி எடையின்மை கிடைக்கும். அந்த ஒரு நொடியில் பந்துகள் சுழலாமல் நேராகப் பிரிவதைக் காட்டும் காணொளிக் காட்சிகளை முன்மொழிவோடு இணைக்கும் குழுவின் விண்ணப்பத்தை நான் முதலில் எடுத்துப் படிப்பேன்.