பச்சை அலுத்த பிறகு: மூணாறு, குன்னூர், வால்பாறை

மூணாற்றில் காரை ஓரங்கட்டி, ஆறாவது முறையாக இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா உள்ளே இருந்தபடியே கேட்டார்: "எல்லாம் ஒரே பச்சையாகத்தானே இருக்கிறது? இன்னும் எத்தனை இடத்தில் இறங்கப் போகிறீர்கள்?" அப்போது சிரித்து மழுப்பிவிட்டோம். மறுபடியும் தேயிலை மலைக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்தபோது அந்தக் கேள்விதான் முதலில் வந்து நின்றது. மூணாற்றுக்கே போவதா, குன்னூரா, வால்பாறையா என்று மதுரையில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் டிசம்பரில் வால்பாறையில் மூன்று இரவுகள் தங்கிவிட்டு வந்தோம். ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பவற்றை வேகமாக முடித்துவிடலாம். அழகில் மூன்றுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. குளிரில் உண்டு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மூணாறு 1,500 மீட்டருக்கு மேல், வால்பாறை 1,100 மீட்டர் அளவில்தான். நடுங்கிக்கொண்டே தேநீர் குடிக்க ஆசைப்படுபவர்களுக்கு வால்பாறை ஏமாற்றம் தரலாம். மூணாற்றிலோ ஜனவரியில் சில விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனி படிகிறது. தங்கும் இடங்களும் உணவகங்களும் மூணாற்றில் கொட்டிக் கிடக்கின்றன, வால்பாறையில் குறைவு. சொந்த வண்டியில் போகிறவர்கள் குன்னூருக்கும் வால்பாறைக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். நீலகிரிக்கு 2024 மே மாதத்திலிருந்தும், வால்பாறைக்கு 2025 நவம்பரிலிருந்தும் இது நடைமுறையில் இருக்கிறது.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எனக்கு முடிவைத் தீர்மானித்தது அது ஒன்றுதான்.

தேயிலைச் செடி என்று நாம் சொல்வது உண்மையில் மரம். கவாத்து செய்யாமல் விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிடும். இடுப்பளவில் வெட்டி, கொழுந்தைப் பறித்துப் பறித்து, மேற்பரப்பை மேசை போல மட்டமாக வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவில் கம்பளம் விரித்ததுபோலத் தெரிவது அதனால்தான். சீக்கிரம் அலுத்துப்போவதும் அதனால்தான். மைல் கணக்கில் ஒரே செடி, ஒரே உயரம், ஒரே நிறம். நடுநடுவே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம்கூட ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. முதல் ஒரு மணி நேரம் வாய் பிளந்து பார்க்கிறோம். இரண்டாவது மணி நேரத்தில் கைப்பேசி வெளியே வருகிறது. மூன்றாவது மணி நேரத்தில் பிள்ளைகள் பசிக்கிறது என்கிறார்கள். அந்த மூன்றாவது மணி நேரத்துக்கு ஓர் ஊர் என்ன வைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் தேயிலை மலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இப்போது என் கட்சி.

மூணாறு நிறையவே வைத்திருக்கிறது. இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகளைச் சில அடி தூரத்தில் பார்க்கலாம். குட்டி போடும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில், பூங்காவை மூடிவிடுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் கொழுந்து தூளாகும் வேலையை வரிசையாகப் பார்க்க முடியும். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய பழைய ரயிலின் சக்கரம் ஒன்றும் அங்கே இருக்கிறது. 1924 வெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயரின் காரணமும் அந்தக் கதையில்தான் வருகிறது: தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறக்கிய மேல் நிலையம் அது. எனக்கு இந்த மாதிரி விஷயங்கள் பிடிக்கும். ஆனால் அங்கே ஒவ்வொன்றும் தனித்தனித் திசையில் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில்தான் போக வேண்டும், விடுமுறை நாளில் எல்லாக் கார்களும் அதே சாலையில்தான் நிற்கின்றன. பார்க்கும் இடத்துக்கும் பார்க்கும் இடத்துக்கும் நடுவே இருப்பது மறுபடியும் அதே பச்சை. அம்மாவுக்கு அலுத்ததில் வியப்பில்லை.

குன்னூரைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஒரே ஒரு பகல்தான் இருந்தேன். அந்தப் பகலில் மனத்தில் நின்றது தேயிலையைவிட ரயில்தான். மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் மலை ரயிலை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பல்சட்டத்தைப் பல்சக்கரம் கவ்விப் பிடிக்க, 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் வண்டி முக்கி முனகிப் போகிறது. 1899 முதல் குன்னூர் வரை இப்படித்தான். மலைச்சாலையில் வயிறு புரட்டுகிறவர்கள் வீட்டில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், டிக்கெட் கிடைத்தால் குன்னூருக்குப் போங்கள். ஆனால் குன்னூர் தோட்டத்துக்குள் இருக்கும் ஊர் என்பதைவிட, ஊருக்குள் தோட்டங்கள் இருக்கும் இடம் என்றுதான் எனக்குப் பட்டது. இரண்டு நாள் தங்கியவர்கள் மறுக்கலாம்.

வால்பாறையில் தேயிலை மற்ற இடங்களைப் போலத்தான் இருக்கிறது. வித்தியாசம், தேயிலைக்கு நடுவே விட்டுவைத்த காட்டில் இருக்கிறது. 1890களில் தோட்டம் போட வந்தவர்கள் ஆனைமலைக் காட்டை வெட்டித் தள்ளினார்கள், எல்லாவற்றையும் வெட்டவில்லை. செங்குத்தான சரிவுகளிலும் ஓடைக் கரைகளிலும் துண்டு துண்டாக மழைக்காடு நிற்கிறது. மேட்டுநிலத்தைச் சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். யானைகள் பகலில் இந்தத் துண்டுக் காடுகளில் ஒதுங்கியிருந்துவிட்டு, இருட்டியதும் ஓடையோரமாக அடுத்த துண்டுக்குப் போகின்றன. அதாவது, நாம் பார்க்கும் பச்சைக்குள் எப்போதும் ஏதோ ஒன்று நடமாடிக்கொண்டிருக்கிறது. மூணாற்றிலும் யானை உண்டு என்பீர்கள், உண்மைதான். எனக்கு அங்கே கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் காலையில் புதுத்தோட்டம் பக்கம் வண்டியை மெதுவாக விட்டோம். சாலைக்கு மேலே, இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்குமாகத் துணிக்குழாய் போன்ற பட்டைகள் கட்டியிருந்தன. சோலைமந்திகள் தரையில் இறங்கி வண்டியில் அடிபடாமல் மேலேயே கடப்பதற்காகப் பழைய தீயணைப்புக் குழாய்களால் போட்ட பாலங்கள் அவை. சிங்கவால் குரங்கு என்று பள்ளியில் படித்ததுதான் சோலைமந்தி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பத்து நிமிடம் எதுவும் வரவில்லை. பிறகு ஒன்று வந்தது, பின்னாலேயே குட்டியைச் சுமந்துகொண்டு இன்னொன்று. அம்மா அன்று காரிலிருந்து தானாகவே இறங்கினார், யாரும் கூப்பிடவில்லை. (தின்பதற்கு எதையும் நீட்டாதீர்கள். கையிலிருந்து தின்னப் பழகிய மந்தி சாலையை விட்டுப் போகாது.)

இரண்டாம் நாள் ஒரு சோலையின் விளிம்பில் நின்றபோது தலைக்கு மேலே நீராவி எஞ்சின் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். பெரிய இருவாச்சிப் பறவை. அதன் சிறகடிப்பு அவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று எனக்கு முன்பு தெரியாது. அன்று மாலை, தூரத்தில் ஓர் உயரமான கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. யானை பக்கத்தில் இருக்கிறது என்று தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரிவிக்க, கைப்பேசியிலிருந்தே எரியவிடும் விளக்கு அது. யானையை நாங்கள் பார்க்கவே இல்லை. ஆனாலும் என் மகன் ஜன்னலை விட்டு நகராமல் இருட்டில் கிடந்த தோட்டத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மூணாற்றில் பகல் வெளிச்சத்தில் பத்து நிமிடம் பார்க்காதவன்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. இருட்டிய பிறகு வெளியே காலாற நடக்க முடியாது. யானை மட்டுமல்ல, சிறுத்தையும் உண்டு. தோட்டங்கள் தனியாருடையவை, அனுமதி இல்லாமல் உள்ளே இறங்கக் கூடாது. இரவில் கடைவீதி, வேடிக்கை, கூட்டம் என்று எதிர்பார்த்தால் வால்பாறை எட்டு மணிக்கே தூங்கிவிட்டதுபோல இருக்கும். மழைக்காலத்தைப் பற்றி நான் எதுவும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். தென்மேற்குப் பருவமழையில் அங்கே போனதில்லை. பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று, அட்டைகளும் இருக்கும் என்பதை வைத்து ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நானாக இருந்தால் தவிர்ப்பேன். மழையில்தான் வால்பாறை வால்பாறையாக இருக்கும் என்று அடித்துச் சொன்ன நண்பரும் உண்டு. அவர் தனி ஆள், பைக்கில் போகிறவர்.

புதுமணத் தம்பதிகளும் ஒரே நாளில் ஆறு இடம் பார்த்துவிட வேண்டும் என்கிறவர்களும் மூணாற்றுக்கே போகலாம். தேயிலை எப்படித் தயாராகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டவும் மூணாறுதான் மேல்.

வால்பாறை என்று முடிவு செய்தால் பொள்ளாச்சியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. ஒன்பதாவது வளைவில் இறங்கி ஆழியாறு அணையைப் பார்த்தபோது எல்லாரும் உற்சாகமாகத்தான் இருந்தோம். இருபத்தேழாவது பலகையை என் மகன் இன்னும் மறக்கவில்லை. அம்மா வாயில் இஞ்சி மரப்பாவை அடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, நாற்பதையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்து சேர்ந்தார்.